நனைந்த படுதா

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகுதான் சன்மதி படியேறி வந்தாள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள் என்பது கசங்கிய துப்பட்டாவில் தெரிந்தது. கீழே ஜெராக்ஸ் கடையில் இருந்த கோகுலகிருஷ்ணன், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் பின்னாலேயே மாடிக்கு வந்துவிட்டான். விழுப்புரத்தில் அந்த மாடி அறைதான் அவன் மனைவி புனிதாவின் அலுவலகம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வது அவள் தொழில். வேறு மாதிரி வழக்கு வந்துவிட்டால் கோகுலுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது.

"எங்க நாடக மன்றத்துல இந்த வருஷம் நாலு நாடகம் போடறோம்க்கா. மாசத்துக்கு ஒண்ணு. மொதல் நாடகம் வர்ற ஞாயித்துக்கிழமை. நான்தான் டைரக்ட் பண்றேன்," என்றாள் சன்மதி. "மேடைக்குப் பின்னால தொங்கவிட, ஒரு தெருவையே படுதாவுல வரைஞ்சிருந்தேன். மூணு மாச வேலை. நேத்து ஒத்திகை முடிஞ்சு போய்ப் பார்த்தா, நனைஞ்சு கலரெல்லாம் வழிஞ்சு கெடக்குது."

"மழையா?"

"லேசா தூறிச்சு. கூரை ஒழுகற எடத்துல நான்தான் மாட்டிட்டேன்றாங்க. நாளைக்கு சாயங்காலம் மன்றம் கூடுது. என் நாடகத்த எடுத்துட்டு, ரெண்டாவதா இருக்கற சீனுவாசன் சார் நாடகத்த மொதல்ல போடப்போறாங்களாம். அதுக்கு ரெண்டு நாற்காலி இருந்தா போதும்." சன்மதி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது. "எடுத்துட்டா அவ்ளோதான்க்கா. பொண்ணு கையில குடுத்தா இப்படித்தான்னு சொல்லி, இனிமே எனக்கு நாடகமே தரமாட்டாங்க."

புனிதா சுண்டலும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். சன்மதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். பாவம், கவலையில் எதுவும் இறங்கவில்லை என்று நினைத்த கோகுல், அவள் பங்கையும் சேர்த்துத் தின்றான்.

மறுநாள் மதியம் இருவரும் பைக்கில் திண்டிவனத்துக்குக் கிளம்பினார்கள். விக்கிரவாண்டி தாண்டும் வரை கோகுல் லாரிகளைத் திட்டிக்கொண்டு வந்தான். அதன் பிறகு குற்றவாளி யாராக இருக்கும் என்று ஊகம் சொல்லிக்கொண்டு வந்தான். புனிதா இரண்டுக்கும் "உம்" கொட்டினாள்.

மன்றத் தலைவர் பெரியதம்பி, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கும் தன் கிடங்கையே நாடகத்துக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். விளக்குப் போடுவதும் அவர்தான். வாசல் சுவரில் இந்த வருஷ நாடகங்களின் சுவரொட்டி. மூன்று நாடகங்களுக்கு மாலை ஆறரை மணி. சன்மதியின் நாடகத்துக்கு மட்டும் பிற்பகல் நாலு.

"இந்த வெயில்ல நாலு மணிக்கு எவன் வருவான்?" என்றான் கோகுல். புனிதா அந்தச் சுவரொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

படுதா பின்பக்கக் கொட்டகையில் தொங்கியது. கதவுக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். துணியில் வரைந்திருந்த தெரு கரைந்து தரையில் சேறாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் தூரிகை கழுவும் வாளி காலியாகக் கிடந்தது. கோகுல் ஏணி போட்டு ஏறினான்.

"ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியல. ஆனா ஒழுகியிருக்கலாம்."

"படுதாவுக்கு நேர் மேல ஒட்டடை இருக்குது பாருங்க. நனைஞ்சிருக்குதா?"

"இல்லையே. தூசியோட அப்படியே தொங்கிக்கினு இருக்குது."

"தண்ணி மேலேர்ந்து வந்திருந்தா மொதல்ல அதுதானே அறுந்து விழுந்திருக்கணும்? எறங்குங்க. யாரோ வாளியால ஊத்தியிருக்காங்க."

ஏழு மணிக்கு ஒத்திகை தொடங்குமுன் படுதா நன்றாக இருந்ததை சன்மதி பார்த்திருக்கிறாள். ஒன்பதுக்கு நனைந்திருந்தது. இடையில் கிடங்குக்குள் மேடை விளக்கு மட்டும்தான். மேடையில் இருந்தது சன்மதியும், அவள் பெரியப்பா மகன் வைபவும், இன்னொரு நடிகையும். அவர்கள் இறங்கவே இல்லை. கீழே இருந்தது பெரியதம்பியும் சீனுவாசனும்தான்.

"நடுவுல ஃபியூஸ் போயிடுச்சு. கும்மிருட்டு. வெளிய போய் மாத்திட்டு வந்தேன்," என்றார் பெரியதம்பி. "அதுக்குன்னு எம்மேல சந்தேகப்படாதீங்கம்மா. ஏற்கெனவே பேஜாரா இருக்குது."

கோகுல் மனைவியின் காதருகே குனிந்தான். "ஆளு மாட்டிக்கினாரு."

"சும்மா இருங்க," என்றாள் புனிதா.

டியூஷன் சென்டர் நடத்தும் சீனுவாசன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார்.

"ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் கடைசி வரிசைல உக்காந்துகினு முழுசாப் பார்த்தேன். முடிஞ்சதும் கையும் தட்டினேன், கேட்டுப் பாருங்க."

"ஒத்திகைக்கு அடிக்கடி வருவீங்களா சார்?"

"அன்னிக்குதான் மொத தடவை. நாடகத்தோட உசுரு எழுத்துல இருக்குதும்மா. ஸ்கிரிப்ட்டப் படிச்சா போதும், ஒத்திகைல என்னா இருக்குது?"

"எந்த சீன் பிடிச்சுது?"

"ரெண்டாவது சீன். பொண்டாட்டி திட்டிக்கினே இருக்கா, வைபவ் பதிலே பேசாம இட்லியா உள்ள தள்றான். தட்டு காலியாகற வரைக்கும் சிரிச்சேன்."

புனிதா அவருக்கு நன்றி சொன்னாள்.

சாயங்காலம் மன்றம் கூடியது. பெரியதம்பி தொண்டையைச் செருமுவதற்குள் புனிதா எழுந்து நின்றாள்.

"சீனுவாசன் சார், அந்த இட்லி சீனை இவங்களுக்கும் ஒருவாட்டி சொல்லுங்களேன்."

அவர் சொன்னார். இந்த முறை கையை வாய்க்குக் கொண்டுபோய் நடித்தும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. வைபவ்தான் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சார், நாங்க சமணக் குடும்பம். பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். ஒத்திகை எல்லாம் ராத்திரி. நான் தெனமும் வெறுந்தட்டுலதான் நடிக்கிறேன்."

"நாடகத்தன்னிக்கு நெஜ இட்லி சாப்பிடணும்னுதான் நாலு மணிக்கு வெச்சேன்," என்றாள் சன்மதி மெதுவாக.

கோகுலுக்கு முந்தின நாள் சுண்டல் நினைவுக்கு வந்து காது சூடேறியது.

"ஸ்கிரிப்ட்ல இட்லி இருக்குது சார். இங்க உக்காந்து பார்த்தவங்களுக்கு இட்லியே இல்ல," என்றாள் புனிதா. "ஃபியூஸ் போய் இருட்டானதையும் நீங்க மறைச்சிட்டீங்க. தலைவர்தான் சொன்னாரு. ஆரம்பத்துல முகத்தைக் காட்டினீங்க, இருட்டுல வெளிய போனீங்க, முடியற நேரத்துக்கு வந்து கை தட்டினீங்க. அந்த நடுநேரத்துல எங்க இருந்தீங்க?"

சீனுவாசன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் என்னை ரெண்டாவது, மூணாவதுன்னே தள்றீங்க. மொத நாள்தான் பாண்டிச்சேரிலேர்ந்து நாடகக்காரங்க வர்றாங்க. மத்த நாளெல்லாம் என் நாடகத்தக் காலி நாற்காலிதான் பார்க்குது."

"அதுக்குப் பச்சப்புள்ள வேலையில தண்ணி ஊத்துவியா?" பெரியதம்பியின் குரல் உயரவில்லை, ஆனால் கனத்தது. "சன்மதி, ஞாயித்துக்கிழம உன் நாடகம்தான். படுதாவ உடு, வெள்ளத்துணி கட்டி பின்னாலேர்ந்து லைட்டு அடிச்சித் தெரு மாதிரி நெழல் காட்டறேன். இந்தாளோட நாடகத்த லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடறேன்."

எல்லோரும் சன்மதியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"அடிக்காதீங்க. நான் படிச்சிருக்கேன், அது நல்ல நாடகம். அடுத்த மாசம் போடலாம்." சீனுவாசன் பக்கம் திரும்பினாள். "ஆனா அத நான்தான் டைரக்ட் பண்ணுவேன்."

கோகுல் புனிதாவைப் பார்த்தான். அவள் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

சீனுவாசன் தலை நிமிராமல் கேட்டார்.

"ஒத்திகை என்னிக்கும்மா?"