கிணற்றடிக் கொடியில் ஒரு சாரம்

தோட்டவெளியில் அன்ரோனெற்றின் வீட்டுக் கேற்றைச் சந்தியோகு தள்ளித் திறந்தபோது காலை எட்டு மணிதான். அதற்குள் சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் எறியத் தொடங்கிவிட்டது. ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் வௌவால் எச்சமும் ஊறிப்போன சுண்ணாம்பும் கலந்த நாற்றம் மூக்கில் அடித்தது.

பின்னாலேயே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வாடகைக் கதிரைகள், கட்டில், மெத்தை, பூப்போட்ட திரைச்சீலை எல்லாவற்றோடும் தரகர் பாயிஸ் வந்திறங்கினான்.

“வெறும் வீட்டக் காட்டினா ஒருத்தனும் வாங்கமாட்டான் அண்ணன். வெளிநாட்டுல சோடிச்சு வச்சுத்தான் விக்கிறாங்க. வாறவனுக்கு ஆள் வாழுற வீடு மாதிரித் தெரியணும்.”

“ஆள் வாழுற வீட்டை ஏன் தம்பி விக்கினம்?”

“உங்களோட கதைச்சா எனக்குப் பொழுது பட்டுரும். கட்டிலப் புடிங்க.”

சந்தியோகுவுக்கு அந்த வீடு விலைபோயே ஆகவேண்டும். கடற்கரையில் இருந்த அவனுடைய கொட்டிலை அலை இரண்டு முறை கொண்டுபோய்விட்டது. வீட்டை அவன் விற்றுக்கொடுக்கிற அன்றே பின்பக்கம் பத்துப் பேர்ச் காணித் துண்டை அவன் பெயருக்கு எழுதித் தருவதாக அன்ரோனெற் பிரான்சிலிருந்து வாக்குக் கொடுத்திருந்தாள். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் அவன். அந்தக் காணி உறுதிப் பத்திரத்தில் பெருவிரல் அழுத்தாமல் தன் பெயரைத் தானே எழுதவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

அன்ரோனெற்றின் புருசன் பிலேந்திரன் கடலுக்குப் போய்ப் பத்தொன்பது வருடம். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் தனியே இருந்து பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டைப் பூட்டி மகளிடம் போனாள்.

இரண்டு நாள் தேய்த்துக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்து, கட்டிலுக்கு விரிப்பும் போட்டாயிற்று. ஆனாலும் வீடு வாடகைக் கடைபோலத்தான் கிடந்தது. ஏதோ குறைந்தது. சந்தியோகு யோசித்து யோசித்து, கடைசியில் தான் இடுப்பில் கட்ட வைத்திருந்த புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து, உடுப்புக் காயப்போடும் கிணற்றடிக் கொடியில் போட்டான்.

கடலால் வருகிறவன் நேரே வீட்டுக்குள் போகமாட்டான். கிணற்றடிக்குத்தான் போவான். உப்புப் போக அள்ளிக் குளித்து, கொடியில் மனைவி போட்டுவைத்த காய்ந்த சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் படியேறுவான். கொடியில் சாரம் கிடந்தால் உள்ளே ஒருத்தி காத்திருக்கிறாள் என்று அர்த்தம். இப்போதுதான் வீட்டுக்கு உயிர் வந்தது என்று சந்தியோகு நினைத்தான்.

மறுநாள் மத்தியானம் ஒரு வாத்தியாரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்துக்கொண்டது. அந்த மனிசி கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். உடனே துள்ளி எழும்பினாள்.

“என்ன இது, மெத்தை தெப்பலாய் நனைஞ்சு கிடக்கு? கூரை ஒழுகுதோ?”

“மழை பெய்து நாலு மாசம், அம்மா!” என்றான் சந்தியோகு.

அவர்கள் நிற்கவில்லை.

சந்தியோகு பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பை முற்றத்தில் பிழிந்தான். தண்ணீர் உதட்டில் தெறித்தது. உப்பு. அந்த வளவுக் கிணறோ நல்ல தண்ணிக் கிணறு. ஈரக் கயிறும் மீன் செதிளும் சேர்ந்த வாடை கையை விட்டுப் போகவேயில்லை. கொடியில் காய்ந்து கிடந்த சாரம் இப்போது முறுக்கிப் பிழிந்தபடி ஈரமாய்க் கிடந்தது.

ஊர்க் காவாலிகள் யாரோ சேட்டை விடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். மெத்தையைக் காயப்போட்டான், புது விரிப்பு விரித்தான், சாரத்தை உலர்த்தித் திரும்பக் கொடியில் போட்டான், கதவுக்கு இரண்டாவது பூட்டும் போட்டான்.

அடுத்த நாளும் மெத்தை ஈரம்.

அதற்கடுத்த நாளும்.

சுவர்ப் பக்கமாக, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அளவுக்கு.

நாலாம் நாள் சுவிசிலிருந்து வந்த குடும்பம். பாயிஸ் அவர்களைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றிவர, அந்தப் பெண் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்தாள்.

“கிணத்தடியில ஒரு ஆள் குளிக்குது. சொல்லியிருக்கலாம்தானே? குடியிருக்கிற ஆக்களை எழுப்பிப்போட்டு எங்களுக்கு வீடு வேண்டாம்.”

சந்தியோகு ஓடிப் பார்த்தான்.

யாரும் இல்லை. வாளி சொட்டிக்கொண்டிருந்தது. சீமெந்தில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பாயிஸ் தலையில் கை வைத்தான். “என்ன அண்ணன், குளிக்க வேற நேரமே கிடைக்கலயா?”

“நான் இஞ்ச வாசல்லதானே நிண்டனான்!”

பாயிஸ் நம்பவில்லை. வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆளில்லாத வீட்டில், கட்டிலைப் பார்த்தபடி நின்று சந்தியோகு பிரான்சுக்கு போன் எடுத்தான். 

“அக்கா, ஆரோ உள்ளுக்க வந்து கிடக்கிறாங்கள். பூட்டு உடையேல்லை, கட்டில் மட்டும் நனையுது. எனக்கு விசர் பிடிக்குது.”

“எந்தப் பக்கம் நனையுது?”

“சுவர்ப் பக்கம்.”

அங்கே அவள் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

“சந்தியோகு, கொடியில சாரம் ஏதும் போட்டனியோ?”

“ஓம். ஒரு சோடினைக்கு.”

“பன்னிரண்டு வருசமும் நான் அதை மட்டும் செய்யேல்லை. வந்திடுவாரோ எண்டு பயந்தனான்.” அவள் குரல் இறங்கியது. “வீடு இனி விக்கிறேல்லை. சாரத்தை எடுத்துப்போடாதை.”

“என்னக்கா கதைக்கிறியள்? அப்ப என்ர காணி?”

கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்று.

பிறகு பின்கதவுப் படியில் ஈரக் கால் ஒன்று பதிந்தது. அடுத்தது அறை வாசலில். கால் அடையாளம் மட்டும்தான் வந்தது. சந்தியோகு நின்ற இடத்துக்கு நேரே வந்து, அவன் மேல் தண்ணீர் படாமல் விலகிச் சுற்றி, கட்டிலடிக்குப் போனது.

கட்டில் முனகியது.

“வந்திட்டாரோ?” என்றாள் அன்ரோனெற். “போனை அவரிட்டைக் குடு.”

 வெறும் தலையணைப் பக்கம் போனை நீட்டிப் பிடித்தான். மணிக்கட்டில் குளிர் ஏறியது.

“இஞ்சாருங்கோ,” என்றது போனுக்குள் சின்னக் குரல். “சாப்பிட்டனீங்களோ?”

நிறுத்தினாள்.

“ஓம், பிள்ளை சுகம். ரெண்டு பேரப்பிள்ளையள்.”

பிறகும் நிறுத்தினாள். நெடுநேரம். பிறகு சிரித்தாள், கலியாணம் கட்டின புதிதில் பெண்கள் சிரிப்பதுபோல. சந்தியோகுவுக்கு அவள் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அவன் பெயரை அவள் கூப்பிட்டபோதுதான் போனைத் திரும்பக் காதில் வைத்தான். போன் கண்ணாடியிலிருந்து வழிந்த தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது.

“உன்ர காணி விசயமும் கேட்டனான்,” என்றாள். “யோசிச்சுச் சொல்லுறாராம்.”

 தான் வெள்ளை அடித்த சுவரும் தேய்த்த தரையும் கண்ணில் பட, பயத்தைக் கோபம் முந்திக்கொண்டது.

“எப்பவாம்?” என்று கட்டிலைப் பார்த்தே கத்தினான்.

விரிப்பு மெல்லச் சுருங்கியது. யாரோ சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தார்கள்.