புள்ளி வைக்காத வரி

பிற்பகல் 2.50. தேநீர் கொண்டுபோன பணிப்பெண் குவளையைக் கீழே போடவில்லை. மேசைமேல் பத்திரமாக வைத்த பிறகுதான் அலறினாள்.

பதிப்பாசிரியர் மேசையில் முகம் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. புத்தகக் கட்டுகளை அழுத்தி வைக்கும் இரும்புக் கட்டை நாற்காலிக்கடியில் கிடந்தது. யாரோ அதைத் துணியால் நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

3.25க்கு இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்தபோது, மாடிப்படியில் ஒரு மனிதர் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்" என்றார் ஏட்டு. "இவன் அச்சுக்குப் பக்கம் கோக்குறவன். எல்லாரும் தாடின்னு கூப்பிடுறாங்க. ஒண்ணே முக்காலுக்கு உள்ள போனான், பெரிய சண்டை. பத்து நிமிஷத்துல வெளிய வந்தான். அதுக்கப்புறம் அவரை உயிரோட யாரும் பாக்கலை. டாக்டரும் ஒண்ணரைக்கும் ரெண்டரைக்கும் நடுவுலன்னு சொல்றார்."

"நான் வெளிய வரும்போது உயிரோடதான் இருந்தார்" என்றார் தாடி. "கோபத்துல சிகரெட் பிடிக்க வெளிய போயிட்டேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலை."

"பழைய அடிதடி கேஸ் ஒண்ணு வேற இருக்கு மேடம். டிஎஸ்பி ஐயா போன் பண்ணினார். ஆறு மணிக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்திடணுமாம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள். "ரெண்டு வார்த்தை கத்தினா கொலைகாரனா மேடம்? அப்படின்னா வீட்டுல நான் எப்பவோ செத்திருக்கணும்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்.

அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று தாழ்வாரத்துக்குத் திறந்தது. இன்னொன்று, சொற்குறிப்பு அட்டைகள் அடுக்கிய பக்கத்து அட்டை அறைக்கு. பதினொரு வருடங்களாக இந்த அலுவலகத்தில் நடந்தது ஒரே வேலை: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வரும் மற்ற ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து, எது எந்த இடத்தில் பொருந்தும் என்று தமிழில் விளக்கும் அகராதி.

பிணத்தின் கைக்கருகே 212ஆம் பக்கத்தின் அச்சுப்படி கிடந்தது. தலைச்சொல் 'ரிலேடிவ்லி'. கீழே அதன் பங்காளிகள் ஐந்து பேர், ஆளுக்கொரு வரி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று வலு போட்டிருந்தது. கம்பேரிடிவ்லி: பக்கத்தில் இன்னொன்றை நிறுத்திப் பார்த்தால் மட்டுமே. ஃபேர்லி: நல்லதோடு ஒட்டும், கெட்டதோடு ஒட்டாது. ரேதர்: குறை சொல்ல வாகானது, பாராட்டில் வந்தால் சொல்பவருக்கே வியப்பு என்று பொருள். அடுத்து குவைட். கடைசியாகச் சம்வாட்: கொஞ்சம்போல, வலு ஏழு.

ஐந்து வரிகளையும் சிவப்புப் பென்சில் குறுக்கே அடித்திருந்தது. மேலே 'அனைத்துக்கும் ஓரளவு என்ற ஒரே சொல் போதும்' என்ற குறிப்பு. கடைசி வரியின் ஓரத்தில் மட்டும் தனியாக: 'ஏழா? மூன்றுக்கு மேல் தேறாது.'

அடித்த வரிகளில் முதல் நான்கின் கீழே அதே சிவப்பில் வரிசையாகப் புள்ளிகள் இருந்தன.

"இது என்ன புள்ளி?"

கூப்பிட்டு வந்த மெய்ப்புத் திருத்துநர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அடிச்சது செல்லாது, இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம்ங்க. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அடிச்சவரே மனசு மாறி வச்சிருப்பார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். நான்காவது வரியில் கடுகளவு ரத்தத் துளி காய்ந்திருந்தது. அதன்மேல் ஏறியிருந்தது ஒரு புள்ளி.

"இந்தப் புள்ளிக்கு முன்னாடியே அவர் செத்துட்டாரே" என்றார் இன்ஸ்பெக்டர். "இது வேற யாரோ வச்ச புள்ளி. ரத்தம் காயுற வரைக்கும் இங்கேயே நின்ன யாரோ."

4.15. தாழ்வாரத்தில் ஏட்டு பரபரத்தார். "அப்போ தாடியேதான் மேடம்! பழசே இருந்துட்டா அவனுக்கு வேலை மிச்சம். சண்டையே அதுக்குத்தான்."

"ஆமாம், கத்தினேன்" என்றார் தாடி. "புத்தகம் முழுக்க அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். ஒரு வரி போனாலும் பக்கம் நகரும். அது நகர்ந்தா அடுத்தது நகரும். தொள்ளாயிரம் பக்கத்தையும் நான் மறுபடி தொடணும்."

"அந்த வரிகளை எழுதினது யாரு?"

"துணையாசிரியம்மா. முழுக்க அவங்கதான்."

துணையாசிரியர் அட்டை அறையில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. விரல்களில் மைக்கறை.

"காலையிலிருந்து இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை. சாப்பாடும் இங்கேயே."

"212ஆம் பக்கம் பாத்தீங்களா?"

"இன்னும் என்கிட்ட வரலை."

"சத்தம் கேட்டுச்சா?"

"சண்டை கேட்டுச்சு. அது தினமும் கேக்கிறதுதான்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தை மூன்று படிகள் புதிதாக எடுக்கச் சொன்னார். பதிப்பாசிரியர் அடித்த மாதிரியே தானும் சிவப்பில் அடித்தார். ஓரக் குறிப்பையும் எழுதினார். புள்ளி மட்டும் வைக்கவில்லை.

"என்ன மேடம், வாத்தியாரம்மா ஆயிட்டீங்க?" என்றார் ஏட்டு.

"பரீட்சைதான். தனித்தனியா."

கேள்வி ஒன்றுதான்: முடிவு உங்கள் கையில் என்றால் எதை வைப்பீர்கள்?

தாடி விலங்குக் கையோடு பென்சிலை வாங்கினார். யோசிக்கவே இல்லை. ஐந்து வரிகளுக்கும் சரசரவென்று புள்ளி வைத்துத் தள்ளிவிட்டார். "எல்லாம் இருக்கட்டும். அதுல ஒண்ணைத் தொட்டாலும் எனக்கு அதே வேலைதான்."

மெய்ப்புத் திருத்துநர் பென்சிலைத் தொடவே மறுத்தார். "மூலத்துல இருக்கறது இதுல இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலைங்க. அர்த்தம் பாக்க ஆரம்பிச்சா பிழை கண்ணுல படாது."

5.05. துணையாசிரியர் தாளை வாங்கி மேசையில் நேராக வைத்தார். முதல் வரியைப் படித்தார், புள்ளி வைத்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கை நிதானமாக நகர்ந்தது.

ஐந்தாவது வரியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. பென்சில் முனை தாளுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் இருந்தது. துணையாசிரியர் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். எதற்கு இந்தத் தாள் என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த ஐந்தாவது வரிக்கும் புள்ளி வைத்தால் போதும், தப்பிவிடலாம்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதுக்கு வைக்கலையா?"

"கூடாது. மூணுதான் சரி. அவர் சொன்னது சரி."

"அங்கேயும் நீங்க அதைத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பதிப்பாசிரியரின் மேசையில் கிடந்த தாளை உறையோடு எடுத்து எதிரே வைத்தார். "எல்லாரும் புள்ளியைப் பாத்தாங்க. நான் புள்ளி இல்லாத இடத்தைப் பாத்தேன். வேலை மிச்சமாகணும்னு நினைக்கறவன் அஞ்சுக்கும் வைப்பான். அர்த்தம் பாக்காதவர் ஒண்ணுக்கும் வைக்க மாட்டார். இதை எழுதினவங்களால மட்டும்தான், எழுதினதுல எது தப்புன்னு அந்த நேரத்துலயும் பாக்க முடியும்."

துணையாசிரியர் உறையை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"நடுக்கதவு வழியா போனேன்" என்றார் துணையாசிரியர். "தாடி கத்தினதுலதான் விஷயமே தெரிஞ்சுது. அஞ்சுக்கும் ஒரே வார்த்தை போதும்மா, யார் இவ்வளவு பாக்கறாங்கன்னார். பதினோரு வருஷம் சார்ன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கலை. அடுத்த பக்கத்தை எடுங்கன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் கவிழ்ந்து கிடந்தார். பக்கம் அடிச்சபடியே இருந்துச்சு. அதை அப்படி விட்டுட்டு வர முடியலை."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கேட்கத் தேவையில்லாத கேள்விதான். ஆனாலும் கேட்டார்.

"ஒரு வரி தப்புன்னதும் ஒத்துக்கிட்டீங்க. படியில ஒருத்தர் ரெண்டு மணி நேரமா விலங்கோட உக்காந்திருக்கார். அதுக்கு ஏம்மா வாய் திறக்கலை?"

துணையாசிரியர் வாயைத் திறந்தார். தொழிலே சொல் தேடுவது. ஒரு சொல்லும் வரவில்லை.

5.30. ஏட்டு தாடியின் விலங்கைக் கழற்றி, முகத்தைப் பார்க்காமல் தோளைத் தட்டினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே."

தாடி எழப் பார்த்தார். மறுபடி படியிலேயே உட்கார்ந்தார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.

"எழுந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

"நாசமாப் போங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் தாடி. "இருபது வருஷம் ஒண்ணா வேலை பாத்த மனுஷன். கடைசியா அவர்கிட்ட நான் சொன்னது அதுதான்."

அவள் அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.