ஏஞ்சல் மீனுக்கு ஒரு துணை

மழை பிடித்துக்கொண்டதும் முனிகிருஷ்ணன் ஓடி ஒதுங்கிய இடம், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த மீன் கடை. குழம்பு வைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன்.

"தம்பி, கொஞ்சம் பாத்துக்கப்பா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கடைக்காரர் சுப்ரமணியன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஒதுங்க வந்தவனையே காவலுக்கு வைத்துவிட்டுப் போவது அந்தச் சந்தில் வழக்கம்தான்.

அப்போதுதான் அவள் வந்தாள். வந்தாள் என்ன... படியில் வழுக்கி நேராக அவன் மேல் வந்து மோதினாள். குடையிலிருந்த தண்ணீர் அத்தனையும் அவன் சட்டையில்.

"சாரிங்க... பாக்கல..."

நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... நனைந்த இமைகளுக்கு நடுவில், எதற்கோ பயந்துகொண்டே இருக்கும் பெரிய கண்கள். முனிகிருஷ்ணன் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எவ்வளவு பெரிய மெஷின் இரைந்தாலும் கை நடுங்காதவன். அன்றைக்கு நடுங்கியது.

"எங்க டாக்டர் கிளினிக்ல ஒரு ஏஞ்சல் மீன் இருக்குங்க. ஜோடி செத்துப்போச்சு. இது தனியா மூலையிலயே நிக்குது, பாக்கவே பயமா இருக்கு. துணைக்கு எந்த மீன் விட்டா சேரும்?"

நான் கடைக்காரன் இல்லைங்க என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் சுப்ரமணியனுக்காகக் காத்திருப்பாள். பிறகு அவரிடம்தான் பேசுவாள். இவனை எதற்குப் பார்க்கப் போகிறாள்... மீனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டியோடு சரி. இருந்தும் அவன் விரல் பாட்டுக்கு ஒரு தொட்டியைக் காட்டியது. மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட சின்ன மீன்கள்.

"இது டைகர் மீன். ரொம்ப சாது."

"டைகர்னு பேர் வச்சுக்கிட்டு சாதுவா?"

"பேருதாங்க அப்படி. எங்க அல்சூர்ல புலின்னு ஒருத்தன் இருக்கான். எலியப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வலையில் மீன் நிற்கவில்லை, கை அப்படி ஆடியது. எப்படியோ இரண்டைப் பிடித்துப் பாட்டிலில் விட்டுக் கொடுத்தான்.

"சேரலேன்னா திருப்பிக் கொண்டுவருவேன்..."

"வாங்க" என்றான். வரவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தான். பாவி.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். மழை இல்லை, ஆனால் கண்கள் நனைந்திருந்தன. வேலை விட்டதும் அந்த வாசலிலேயே பழிகிடந்த முனிகிருஷ்ணனுக்கு அவளைப் பார்த்த சந்தோஷம் வாய் திறந்ததும் போய்விட்டது.

"சாதுன்னீங்களே... ஏஞ்சலோட துடுப்பெல்லாம் கடிச்சுக் குதறிடுச்சு. அடியில படுத்துக்கிட்டு எழும்பவே மாட்டேங்குது. டாக்டர் ஊட்டிக்குப் போயிருக்காரு. திங்கக்கிழமை வந்துடுவாரு. அவரைக் கேக்காம நானா வாங்கி விட்டதுங்க இது. வேலை போயிடும்."

"ஒரு மீனுக்காகவா..."

"அது அவர் சம்சாரம் மௌரீன் அம்மா வளர்த்த மீனு. அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க ஞாபகமா மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேலை போனா எங்கப்பா என்னைக் கோலாருக்குக் கட்டிக் குடுத்துடுவாரு. மாப்பிள்ளைக்கு எங்கப்பா வயசு. ரெண்டாந்தாரம். நான் சம்பாதிக்கிறவரைக்கும்தான் வீட்டுல என் பேச்சு எடுபடும்."

முனிகிருஷ்ணன் அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய், சுப்ரமணியனிடம் மெதுவாகக் கேட்டான்.

"எந்த மடையன்யா ரெண்டையும் ஒண்ணா விட்டது?" என்றார் அவர். "நீளத் துடுப்பக் கண்டா டைகர் சும்மா இருக்காதே. முதல்ல டைகரைப் பிடிச்சுத் தனியா போடச் சொல்லு. கொஞ்சம் தண்ணி மாத்தி, ஒரு கை கல்லுப்பு. மீன் பிழைச்சா துடுப்பு தானா வளந்துடும்."

மடையன் வெளியே வந்து, எல்லாம் தனக்கே தெரிந்ததுபோல் அவளிடம் ஒப்பித்தான். போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். "என் பேரு ஜோசஃபின். வீடு விவேக் நகர்ல. வேலை டென்சில் டாக்டர் கிளினிக். பல்லு டாக்டர்..."

ஞாயிற்றுக்கிழமை அம்மா வைத்த மீன் குழம்பை அவன் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் தண்டனை அவளுக்கு. அவளோ மாதா கோயிலுக்குப் போகிற விவேக் நகர் வேதக்காரப் பெண். இவன் வீடு அல்சூர் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற வீடு. எந்தப் பக்கம் நினைத்தாலும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்தவனை அங்கிருந்த கிராம்புத் தைல வாசனையே எழுந்து ஓடச் சொன்னது. பல் டாக்டர் என்றாலே சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஆகாது. விவேக் நகரில் ஜோசஃபின் தெருவிலேயே இருக்கும் அல்போன்சா ஆன்ட்டி வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி அதே பெஞ்சில் இருந்தார். டாக்டர் டென்சில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றார். ஏஞ்சல் மீன் பாதித் தண்ணீர் வரைக்கும் எழும்பியிருந்தது. துடுப்பு மட்டும் கிழிந்த துணி மாதிரி...

"ஜோசஃபின்... யார் மேன் இதைப் பண்ணது?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஜோசஃபின் தொட்டிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நான்தான் சார்" என்று எழுந்தான் முனிகிருஷ்ணன். "டைகர் மீன் சேரும்னு சொன்னது நான். நான் கடைக்காரனே இல்ல சார், மழைக்கு ஒதுங்கினவன். மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அவங்க என்னை நம்பி வாங்கிட்டாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. எல்லாம் முடிந்தது...

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜோசஃபின்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"மீன் தீனி வாங்க அந்தக் கடைக்குத்தான் எப்பவும் போவேன். சுப்ரமணியன் சாரை எனக்குத் தெரியாதா? இவர் கை ஆடினதுல வலையில மீனே நிக்கல."

"தெரிஞ்சும் ஏன் வாங்கினே?" என்றார் டாக்டர்.

"சேரலேன்னா திருப்பிக் குடுக்கப் போகலாம்ல, டாக்டர்... திரும்பப் போக ஒரு சாக்கு. மௌரீன் அம்மாவோட மீனை வச்சு விளையாடிட்டேன். தப்பு என்மேலதான்." அழுதுவிட்டாள்.

டாக்டர் முனிகிருஷ்ணனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆள் உனக்கு யாரு?"

அல்போன்சா ஆன்ட்டி கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். இங்கே சொல்வது மாலைக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். ஜோசஃபினுக்கு அது தெரியும். யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"எனக்கு வேண்டியவர்" என்றாள்.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"நானும் சேரமாட்டேன்னுதான் மௌரீன் வீட்டுல சொன்னாங்க" என்றார், மீனைப் பார்த்தபடியே. "அது நல்லா எழும்பற வரைக்கும் நீதான் பாத்துக்கணும். தினமும் தண்ணி மாத்தணும். குடம் தூக்க இந்த ஆள் வரட்டும்." அல்போன்சா ஆன்ட்டியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பா காதுக்குப் போயிடும்..."

"நானே வந்து பேசறேன்."

"பயமா இல்லையா?"

"ரொம்ப."

"எங்கப்பா சாது இல்ல. கடிச்சுக் குதறிடுவாரு..."

முனிகிருஷ்ணன் தொட்டியைப் பார்த்தான். கிழிந்த துடுப்போடு மீன் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது.

"பரவால்ல ஜோசஃபின்... துடுப்பு வளந்துடுமாம்."