இரண்டாம் வரிசையில் ஒரு துளை

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ப்ளோரன்ஸ் டீச்சரின் மொபெட் செல்லபாயின் வீட்டு முன்னால் வந்து நின்றது. பின்னிருக்கையில் படுக்கை விரிப்பால் சுற்றிக் கயிற்றால் கட்டிய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. அதை இறக்குவதற்குள் ப்ளோரன்ஸுக்கு மூச்சு வாங்கியது.

செல்லபாய் காவல்துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து, தலைமைக் காவலராக ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாறசாலையில் அதே தெருவில் குடியிருந்த ப்ளோரன்ஸ், காரோட்டுப் பக்கம் உள்ள ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து போவார்கள். மீதிப் பேர் விடுதியில் தங்கிப் படிப்பார்கள்.

"அக்கா, ரெண்டு மணிக்குள்ள நீங்க வந்து பாக்கணும். இல்லேண்ணா அந்தப் பிள்ளைய வீட்டுக்கு விட்டுருவாங்க" என்றாள் ப்ளோரன்ஸ்.

செல்லபாய் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தார். போன வருடம், தொண்ணூற்று மூன்றில், ஆண்டு விழாவன்று எடுத்த குழுப் படம். நான்கு வரிசைகளில் விடுதிப் பிள்ளைகள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது பெண்ணுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு துளை.

ப்ளோரன்ஸ் சொன்னது இதுதான். இந்தப் படம் பார்வையாளர் அறையில் மாட்டியிருந்தது. செவ்வாய் சாயங்காலம் அவள்தான் துளையை முதலில் பார்த்தாள். ஆனால் எப்போது வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை அவள் விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்தபோது அலுவலகத்துக்கு முன்னால் தொங்கிய இன்னொரு பிரதியிலும் அதே முகம் போயிருந்தது. எட்டாம் வகுப்பு நந்தனா. விடுதியில் எல்லோரும் செய்வினை என்று பேசினார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பெற்றோர் வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நந்தனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னை யாருக்கோ பிடிக்கவில்லை, யார் என்றுதான் தெரியவில்லை என்று ப்ளோரன்ஸிடம் சொல்லியிருக்கிறாள்.

செல்லபாய் படத்தைத் திருப்பினார். பின்பக்க அட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்திருந்தார்கள். பழைய ஆணிகள் பழைய ஓட்டைகளிலேயே இருந்தன. ஓரங்களை மருந்துக்கடை பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி உள்ளும் புறமும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"எனக்க கிட்டயும் பிளாஸ்திரி உண்டு அக்கா" என்று ப்ளோரன்ஸ் தானாகவே சொன்னாள். "ஆனா புதன்கிழமை நான் அங்க இல்ல."

"தெரியும், மக்கா." செல்லபாய் படத்தின் அடியில் அச்சடித்திருந்த பெயர் வரிசையில் விரலை ஓட்டினார். "நந்தனா வி. எண்ணு போட்டிருக்கே. அவளுக்க பேரு அதுதானா?"

இல்லை, பி. என்பதுதான் சரி என்றாள் ப்ளோரன்ஸ். ஸ்டுடியோக்காரர்கள் செய்த தப்பு. மூன்று பிரதியும் சட்டம் போட்டு வந்த பிறகுதான் கவனித்தார்கள். பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை.

"மூணாவது பிரதி எங்க?"

"மேல, படிப்பு அறையில. அதுல ஒரு கேடும் இல்ல."

செல்லபாய் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியை லலிதாம்பிகா அவர்களை அலுவலகத்தில் உட்கார வைத்தார். இருபது வருடமாகக் கட்டிக் காத்த பள்ளியின் பெயர் நான்கு நாளில் போய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. செய்வினையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், ஆனால் நம்புகிற பெற்றோருக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே நந்தனாவின் உள்ளூர்ப் பாதுகாவலர் ராஜையாவுக்கு, பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லிப் புதன்கிழமையே கடிதம் எழுதிவிட்டார். பிள்ளையின் அம்மா மஸ்கட்டில் நர்ஸ், அப்பா இல்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு ராஜையாவே தொலைபேசியில் பேசினாராம். தன்னால் வர முடியாது, கடிதத்துடன் இரண்டு மணிக்கு ஒரு ஆள் வருவான் என்றாராம்.

"அவர் பேசினதை அப்படியே சொல்ல முடியுமா? ஒரு வார்த்தையும் விடாம" என்றார் செல்லபாய்.

லலிதாம்பிகா யோசித்துச் சொன்னார். விடுதியில் இருக்கும் நந்தனா வி.-யின் வீட்டிலிருந்து பேசுகிறேன், பிள்ளையை அவசரமாக அனுப்ப வேண்டும் என்றது குரல். பி.தானே, ராஜையா சாரா என்று இவர் கேட்டார். ஆமாம் என்றது. தன் கடிதம் கிடைத்துத்தான் பேசுகிறார் என்று இவருக்கு நிம்மதியாகிவிட்டது.

செல்லபாய் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. படங்களைப் பற்றி இதற்கு முன்னால் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் தலைமையாசிரியை. விடுதி மேட்ரன் ஓமனா மட்டும் போன சனிக்கிழமை, ஒட்டடை அடிக்க வேண்டும், கீழே உள்ள படங்களை ஒரு மாதம் இறக்கி வைக்கலாமா என்று கேட்டாள். ஆண்டு விழா வருகிற நேரத்தில் சுவர் வெறுமையாக இருக்கக் கூடாது என்று தான் மறுத்துவிட்டதாகச் சொன்னார்.

அடுத்து செல்லபாய் வாசலுக்குப் போனார். காவலாளி பொன்னப்பன் பார்வையாளர் நோட்டை எடுத்துக் கொடுத்தான். போன சனிக்கிழமையும் இந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரே கையெழுத்து: சத்தியராஜ், வெள்ளறடை. அக்கா மகளைச் சேர்க்க விண்ணப்பம் கேட்டு வந்தவர், ரப்பர்த் தோட்டக்காரர் என்று சொன்னாராம். இரண்டு தடவையும் பார்வையாளர் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுசனாக்கும்" என்றான் பொன்னப்பன். "உள்ள மண்ணு ஆவாண்டாம்ணு இந்தப் படியில செருப்பத் தட்டிப்போட்டுத்தான் போனாரு. இன்னும் கிடக்கு பாருங்க."

படியின் மூலையில் வெள்ளையாக, சர்க்கரை போல, கொஞ்சம் மணல் கிடந்தது. கடற்கரைப் பிள்ளையான ப்ளோரன்ஸ் அதை விரலில் எடுத்துத் தேய்த்தாள். "இது பொழியூர்க் கடப்புறத்து மணலு அக்கா. வெள்ளறடையில எல்லாம் செம்மண்ணுதான்."

அதன் பிறகு செல்லபாய் வேகமானார். அலுவலகத் தொலைபேசியில் இரண்டு இடங்களுக்குப் பேசினார். முதலில் காவல் நிலையம். பிறகு பள்ளிப் பதிவேட்டில் எண் இருந்த, ராஜையாவின் பக்கத்து வீடு. அங்கே ராஜையாவையே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்றும், தான் யாருக்கும் பேசவில்லை என்றும் அவர் பதறினார். அவரை உடனே புறப்பட்டு வரச் சொன்னார் செல்லபாய்.

நந்தனாவை மேலே படிப்பு அறையில் இரண்டு ஆசிரியைகளோடு உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணிக்குப் பார்வையாளர் அறைக்கு லலிதாம்பிகாவும் ப்ளோரன்ஸும் மேட்ரன் ஓமனாவும் வந்தார்கள். ஓமனா ஐம்பது வயதுக்காரி. கையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒரு முகத்தை வெட்டினா, வெறுப்பில வெட்டினதுண்ணு எல்லாரும் நினைப்பாங்க" என்று செல்லபாய் தொடங்கினார். "வெறுக்கிறவ கண்ணாடியத் துடைச்சு வைக்கமாட்டா. ஆணிய அதே ஓட்டையில அடிக்கமாட்டா. செய்வினை வைக்கிறவளுக்குப் பேரும் வேணும். இங்க பேரை விட்டுட்டு முகத்தை மட்டும் எடுத்திருக்கு. மேல இருக்கிற படத்தைத் தொடவே இல்ல. அங்க வெளியாள் வரமாட்டாங்க. அப்போ, வெளியிலிருந்து வாற ஒருத்தன் இந்த முகத்தைப் பாத்துரக் கூடாதுண்ணு ஒரு ஆளுக்குப் பயம். பேரைப் பாத்தா பயமில்ல. ஏன்?"

ப்ளோரன்ஸ் முந்திக்கொண்டாள். "அவனுக்கு இந்தப் பேரு தெரியாது."

"ஆமா. பேரு மாத்தியிருக்கு. ஆனா முகம் யாரையோ போல இருக்கு. பாத்த உடனே அடையாளம் தெரிஞ்சிரும்." செல்லபாய் ஓமனாவின் பக்கம் திரும்பினார். "படத்தை இறக்கக் கேட்டவ நீ. மருந்து அலமாரிச் சாவி உனக்க கையில. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பிரார்த்தனைக்குப் போனப்போ விடுதியில இருந்ததும் நீதான், இல்லியா?"

ஓமனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவளுக்க அம்மையும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க" என்றாள் மெதுவாக. "பிள்ளைக்கு அவளுக்க முகமாக்கும், அச்சில வார்த்தது மாதிரி. சனிக்கிழமை அவனுக்குத் தண்ணி கொண்டு வந்தேன். அவன் படத்துல ஒவ்வொரு முகமா விரல் வச்சுப் பாத்துட்டு இருந்தான். அவளுக்க கலியாணப் படத்துல மாப்பிள்ளையாப் பாத்த ஆளுண்ணு தெரிஞ்சு போச்சு. கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிச்சிருந்தான். ரெண்டாம் வரிசைக்கு வாறதுக்குள்ள அலுவலகத்துல கூப்பிட்டாங்க."

மிச்சத்தை அவள் துண்டுதுண்டாகச் சொன்னாள். பிள்ளைக்கு மூன்று வயதில் அந்த ஆள் அவளைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டான். அம்மாவின் சம்பளமும் பாஸ்போர்ட்டும் தன் கைக்கு வந்தால்தான் பிள்ளை வரும் என்றான். இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் கண்டுபிடித்தபோது பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. நீதிமன்றம் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தது. அம்மா பிள்ளையின் பெயரை மாற்றி, அப்பா செத்துப்போனார் என்று சொல்லி வளர்த்தாள். உத்தரவின் நகல் ஓமனாவின் பெட்டியில் இருந்தது. வெட்டிய இரண்டு முகங்களும் அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தன.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார் லலிதாம்பிகா.

பதில் சொன்னவர் செல்லபாய். "சொன்னா, போலீஸ் கோர்ட்டுண்ணு பள்ளிக்கு வேண்டாத பேரு எண்ணு நீங்க பிள்ளைய வெளிய அனுப்பிருவீங்கண்ணு பயம்."

"ஆனா ஓமனா, நீ நினைக்காத ஒண்ணு நடந்து போச்சு" என்றார் செல்லபாய். "செவ்வாய்க்கிழமை அவன் மறுபடி வந்தான். முன்னால முழுசா இருந்த படத்துல ஒரு துளை. எந்தப் பிள்ளைய மறைக்கணும்ணு அந்தத் துளையே காட்டிக் குடுத்துட்டு. அஞ்சாவது முகம் இல்ல, அடியில அஞ்சாவது பேரு அப்படியே இருக்கு. நந்தனா வி. உலகத்துலயே இந்தப் படத்துல மட்டும் உள்ள தப்பு அது. வீட்டாளு யாரும் அப்படிக் கேக்கமாட்டாங்க. இண்ணைக்குக் காலையில பேசினவன் இந்தச் சுவரைப் பாத்துப் படிச்சவன்."

ஓமனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் காப்பாற்ற நினைத்தது எங்கே கொண்டுபோய் விட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ராஜையாவின் பெயரைத் தொலைபேசியில் எடுத்துக் கொடுத்தது தான்தான் என்பது லலிதாம்பிகாவுக்கும் உறைத்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, பொன்னப்பனிடம் வணக்கம் சொல்லி, படியில் செருப்பைத் தட்டிவிட்டு, நிதானமாக உள்ளே வந்தார். கையில் மடித்த கடிதம். நந்தனாவைக் கூட்டிப்போக ராஜையா அனுப்பிய ஆள் என்றார்.

செல்லபாய் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "ராஜையா இப்ப எப்படி இருக்காரு? நடக்க முடியுதா?"

அந்த மனிதர் ஒரு நொடி தயங்கினார். கால் இன்னும் சரியாகவில்லை, அதனால்தான் தன்னை அனுப்பினார் என்றார்.

"அவருக்குக் காலில ஒண்ணும் இல்ல. இப்ப பஸ்ஸில வந்துட்டு இருக்காரு" என்றார் செல்லபாய். கதவுக்குப் பின்னாலிருந்து சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் வெளியே வந்தார்கள். அந்த ஆள் சத்தம் போடவில்லை. என் பிள்ளை, எனக்கு உரிமை உண்டு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஓமனா நீதிமன்ற உத்தரவை நீட்டியதும் அதுவும் நின்றுபோயிற்று. காரோட்டியிடம் விசாரித்தபோது, நாகர்கோவில் வழியாக நேரே தூத்துக்குடிக்குப் பேசி வந்த வண்டி என்று தெரிந்தது.

ஜீப் போனதும் லலிதாம்பிகா ஜன்னலிலிருந்து திரும்பினார். நந்தனா இங்கேயே படிக்கட்டும் என்றார். பெற்றோர் கேட்டால் தானே உட்கார வைத்துச் சொல்வதாகவும் சொன்னார். மேட்ரன் அறைச் சாவியை ஓமனா மேஜைமேல் வைத்தபோது, அதை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளைக்கிட்ட யாரு சொல்லுவா?" என்று ப்ளோரன்ஸ் கேட்டாள்.

நடந்ததை வேறு யார் வாயாலும் அவள் கேட்கக் கூடாது என்றார் செல்லபாய். அவரும் ஓமனாவும் மேலே போனார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் படிப்பு அறைக் கதவு திறந்தது. நந்தனா அழுதிருந்தாள். முகத்தை வெட்டியது யாருடைய கை என்று தெரிந்ததும், ஓமனாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாளாம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதைக் கேட்டதும் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாளாம். அவர் எப்படி இருப்பார் என்று அவள் கேட்கவில்லை. அம்மாவிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

லலிதாம்பிகா தொலைபேசியின் பூட்டைத் திறந்து மஸ்கட் எண்ணைத் தானே சுழற்றினார். நான்காவது தடவைதான் இணைப்பு கிடைத்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ ஆளைக் கூப்பிடப் போனார்கள். நந்தனா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர்கள் நால்வரும் வராந்தாவுக்கு நகர்ந்தார்கள். உள்ளிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, நானாக்கும். எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. நீ இனி ஒண்ணையும் ஒளிக்காண்டாம்."