ஆறில் ஒரு பங்கு குறைந்த மஞ்சள்

யாஷ் நகரப் பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் கோஸ்டாக்கேயின் அறைக்குள் ஸ்மரண்டா அழுதுகொண்டே வந்தாள். ஒளியியல் பேராசிரியர் லுபாஷ்கு அவளுடைய செய்முறை ஏட்டை வீசி எறிந்திருந்தார். அளக்காமலே எண்களை இட்டுக்கட்டினாளாம். நாளைக்கு விசாரணைக் குழு கூடினால் படிப்பே போய்விடும், பாவம்.

"மஞ்சள் வெளிச்சத்துக்கு அலைநீளம் 491 நானோமீட்டர்னு வந்துச்சு அண்ணே. 589 வரணுமாம். அதே மேசையில மத்த பதினொரு பேருக்கும் சரியா வந்திருக்கு."

"491ன்னா நீலப்பச்சை ஆச்சே! மூக்குக்கண்ணாடி போட மறந்துட்டியா?" என்றான் உதவியாளன் ரெலு. ஐம்பது வயதாகியும் எதிலும் முந்திக்கொள்கிறவன்.

"எனக்கும் தப்புன்னு தெரியும். ஆனா நான் பார்த்தது அதுதானே?"

கோஸ்டாக்கே நிதானமாக ஏட்டைப் புரட்டினார். "பச்சைக்கு 455 போட்டிருக்கே. 546 இருக்கணும். ரெண்டுமே சரியா ஆறுல ஒரு பங்கு குறையுது. புளுகுறவன் இவ்வளவு ஒழுங்கா புளுகமாட்டான்மா."

ஸ்மரண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூவரும் போனபோது ஆய்வகத்தில் லுபாஷ்கு முறைத்தபடி நின்றார். மேசைமேல் கீற்றணி இருந்தது. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும், நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடி. கோட்டின் நெருக்கமும் வெளிச்சம் விலகும் கோணமும் தெரிந்தால் அலைநீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். சட்டத்தில் மில்லிமீட்டருக்கு 600 கோடு என்றிருந்தது.

"திருகுல புதுக் கீறல். சட்டத்துல வினிகர் வாசனை வேற," என்றபடி கோஸ்டாக்கே அதைக் கழற்றினார். உள்ளே கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 500 என்றிருந்தது. ஐந்நூறை அறுநூறாக எடுத்துக் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு குறையத்தானே செய்யும்!

"ஈஸ்டர் வருதுன்னா நம்மூர்ல எதைத்தான் வினிகர் போட்டுத் துடைக்காம விடுறாங்க? இங்க துடைக்கிற வேலை உன்னுதுதானே ரெலு, நீயே சொல்லிடு."

ரெலு ஒப்புக்கொண்டான். "கைரேகை பட்டிருந்துச்சு அண்ணே. வினிகர் தொட்டு அழுத்தித் துடைச்சேன், கோடெல்லாம் பாழாப்போச்சு. அலமாரியில இருந்த இன்னொரு கண்ணாடிய அதே சட்டத்துல மாட்டிட்டேன். எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன். மன்னிச்சிடும்மா."

ஸ்மரண்டாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

"என்னைக்கு மாட்டினே?" என்றார் கோஸ்டாக்கே.

"திங்கக்கிழமை."

"அந்தப் பதினொரு பேரும் அளந்தது?"

"செவ்வாய், புதன்ல," என்ற லுபாஷ்கு சட்டென்று நிறுத்தினார். இந்தக் கண்ணாடியில் 589 வரவே வராது. புத்தகத்திலிருந்த விடையை வைத்துக்கொண்டு கோணத்தைப் பின்னாலிருந்து எழுதியிருக்கிறார்கள், பதினொரு பேரும்.

அவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கசங்கிய ஏட்டை வாங்கி, கையாலேயே நீவிவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.

"நாளைக்குக் குழு கூடத்தான் போகுது. ஆனா பதில் சொல்லவேண்டியது நீ இல்லம்மா," என்றார். "அவங்களும், அவங்களுக்கு மார்க் போட்ட நானும்தான்."