அகல லென்ஸின் இடது ஓரம்

முதல் படத்தின் இடது ஓரத்தில் ஏதோ நீளமாக நின்றிருந்தது. கெரின் கேமராவின் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம், தரையிலிருந்து கூரை வரை. நிமிர்ந்து பார்த்தால் அங்கே வெறும் சுவர்தான்.

ஆஸ்திரேலியாவில், பல்லாரட் ஊரின் அந்தப் பலகை வீடு குளிர்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஈரக் கம்பளத்தின் வாடையும், குளிரில் சுருங்கும் சுவர்ப் பலகைகள் எங்கோ முனகி முனகி அடங்கும் சத்தமும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. விற்கப்போகும் வீட்டை அந்தி நேரத்தில், எல்லா விளக்கையும் போட்டுப் படமெடுப்பது அங்கே வழக்கம். போன இரண்டு வீடுகளையும் அவள் சொதப்பியிருந்தாள். இதுவும் போனால் வீட்டு ஏஜெண்ட் டாரில் வேறு ஆள் பார்த்துவிடுவான். அந்தப் பயத்தில்தான் எது சரிவரும் என்று பார்க்க இரண்டு லென்ஸ்களைக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள். பதினாறு மில்லிமீட்டர் லென்ஸ், அறை முழுவதையும் வாரிச் சுருட்டிக்கொள்ளும். இருபத்துநாலு அவ்வளவு அகலமில்லை.

பதினாறின் குணம் அவளுக்குத் தெரியும். ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டிவிடும். ஆனால் நீட்டுவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே.

போன் அடித்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா?" டாரில்தான்.

"இந்த வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"இருந்தா வாடகை வாங்காம விட்டிருப்பேனா? ஏன், எலியா?"

"ஒண்ணுமில்ல."

"போன வீடு தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. மூலையோட மூலையா ஒட்டி நின்னு எடு. இதுவும் அப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

இரண்டாவது படத்தில் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. மூன்றாவதில் அதற்குத் தோள் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் இன்னும் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. படத்தின் ஓரம் என்றால் கேமராவுக்குப் பக்கம். அவளுக்குப் பக்கம். நான்காவது படத்தில் அது இல்லை.

கெரினுக்கு அழுகை முட்டியது. ஓடிவிடலாம், ஓடினால் வேலை போச்சு. பதினாறைக் கழற்றிப் பையில் போட்டு, இருபத்துநாலை மாட்டினாள். திரையில் சுத்தமான சுவர், சுத்தமான தரை. இனி இதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். கண்ணில் படாமலிருந்தால் போதும்.

ஆனால் ஜன்னல் பாதி வெட்டுப்பட்டது. லென்ஸின் அகலம் குறைந்தால் ஆள்தான் பின்னால் போக வேண்டும். முக்காலியோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தாள்.

ஓர் அடி. ஜன்னல் முழுதாக வந்தது.

இன்னொன்று. கதவும் வந்தது.

இன்னும் கொஞ்சம்.

முதுகு மூலையில் முட்டியது. மூலை சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. அமுங்கிக் கொடுத்தது. பிறகு மெல்ல மூச்சு விட்டது.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். காலி அறை, அழகாக, முழுதாக. அதன் இரண்டு ஓரங்களிலிருந்தும் சாம்பல் நிற விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மிக நீளமான விரல்கள். இந்த லென்ஸ் எதையும் இழுத்து நீட்டாது.