கம்பளி மடிப்பில் இருந்த இலை

பழனியாண்டியின் வண்டி முற்றத்துக்குள் நுழைந்தபோது கண்டிக் கட்டுக்கலைத் தெருவில் இன்னும் சரியாக விடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாகச் சுடுதண்ணி கேட்டு வீட்டையே எழுப்புகிறவன், அன்றைக்கு மாடுகளைக்கூட அதட்டாமல் மூட்டையை இறக்கினான். அவனுடைய அக்கா நல்லம்மா வந்து ஒரு கை கொடுத்தாள். வேலாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேச்சில்லாமல் வேலை செய்கிற புருஷனை நம்பலாமா?

கம்பளிதான் வேலாயியின் தொழில். மலையில் கோப்பித் தோட்டங்களுக்குக் கடலுக்கு அக்கரையிலிருந்து கூலியாட்கள் வந்துகொண்டே இருந்த காலம் அது. மலைக்குளிருக்குக் கம்பளி இல்லாமல் முடியாது. புதிது வாங்க எல்லாருக்கும் வசதியும் கிடையாது. பழனியாண்டி வண்டி போகிற வழியெல்லாம் பழைய கம்பளிகளை வாங்கி வருவான். வேலாயி அவற்றை உதறி, சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, அண்டாவில் வேகவைத்து, காயப்போட்டு, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுப்பாள். எல்லாம் வீட்டு முற்றத்திலேதான். இரண்டு வயது அஞ்சலை கொதிக்கிற அண்டாப் பக்கம் போய்விடாமல், பிள்ளையின் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரு சேலைக் கிழிசலால் கட்டிக்கொள்வாள். தூக்கம் வந்தால் அஞ்சலை மடியில் ஏறி அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால்தான் அதற்குக் கண் மூடும். பிள்ளை காதில் தொங்கத் தொங்க வேலாயி தைத்துக்கொண்டிருப்பாள்.

இதுதான் நல்லம்மாவுக்குப் பொறுக்காது. பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரிக் கட்டி வைத்துத் தொழில் பண்ணுகிறவளை எந்த ஊரில் கண்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். வேலாயி அதைப் பொறுத்துப் போவாள். தாயில்லாத பழனியாண்டியை வளர்த்து ஆளாக்கியவள் நல்லம்மாதான். அவள் முகம் நிறைய அம்மைத் தழும்பு. பல வருஷங்களுக்கு முன்பு, அக்கரையிலிருந்து வந்து இறங்கி மலைக்கு நடந்து வந்த வடக்கு வீதியில், அவளுக்கும் அவளுடைய இரண்டு பையன்களுக்கும் அம்மை கண்டது. அவள் ஒருத்திதான் எழுந்தாள். புதைத்த இடம்கூட இன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

அன்று காலை அஞ்சலையைக் கஞ்சி ஊட்ட நல்லம்மா உள்ளே தூக்கிப் போயிருந்தாள். அது ஒன்றுதான் நல்ல காலம் என்று வேலாயி பிறகு நினைத்துக்கொண்டாள். மூட்டையைப் பிரித்து முதல் கம்பளியை உதறியதும் காய்ந்த இலைகள் கொட்டின. குனிந்து எடுத்துப் பார்த்தாள். வேப்பிலை. கண்டி மழையில் வேப்பமரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வடக்கே வெயில் காட்டில்தான் அது நிறைய நிற்கும். காற்றில் விழுந்த இலை என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். அடுத்த கம்பளியின் மடிப்பிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. வேப்பிலை பரப்பி யாரைப் படுக்க வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

புருஷனை மாட்டுக்கொட்டில் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான். வடக்கு வீதியோரத்தில் அம்மை கண்டவர்களைப் போட்டிருந்த ஒரு கொட்டகை. உள்ளே கிடந்தவர்களில் கம்பளிக்கு உரிமை சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. புதைக்க வந்த ஆள் சும்மா கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டானாம்.

"தெரிஞ்சேதான் ஏத்திட்டு வந்தீங்களா?"

"வெந்நியில போட்டா எல்லாம் போயிரும் வேலாயி. புசல்லாவைத் தோட்டத்துக் கங்காணிக்கு வாக்குக் குடுத்துட்டேன். போத்திக்கப் போறது நம்ம சனமா?"

"அதுகளும் இடுப்புல பிள்ளையோடதான் வருதுக."

எல்லாவற்றையும் கொளுத்தப் போவதாகச் சொல்லி அவள் மூட்டைப் பக்கம் திரும்பினாள். எரிக்கத்தான் போகிறாய் என்றால் எரி, அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிந்தால் சாகும்வரை என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பழனியாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வேலாயி சரியென்று தலையாட்டினாள். பாவி மகள், அந்தத் தலையை மட்டும் ஆட்டாமல் இருந்திருக்கலாம்!

ஈரக் கம்பளி லேசில் எரியவில்லை. பகல் முழுக்கப் புகைந்தது, நாற்றம் தெருவை அடைத்தது. நல்லம்மா மார்பில் அடித்துக்கொண்டு காரணம் கேட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, கொளுத்தினேன் என்று மட்டும் வேலாயி சொன்னாள். அன்றைக்கே கொல்லையில் சாக்குப் போடுகிற கொட்டிலுக்குக் குடிபோனாள். தொட்ட கைக்கு அம்மை வருமா வராதா என்று தெரிய அரை மாதமாவது ஆகுமென்று கேள்விப்பட்டிருந்தாள். அதுவரை அஞ்சலை மேல் தன் மூச்சுக்கூடப் படக்கூடாது. பழனியாண்டி தன் அக்காவிடம், என்னோடு கோபித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். அவனுக்கு அம்மை சின்ன வயசிலேயே வந்து போயிருந்தது, அவனுக்கு என்ன!

முதல் நாட்களில் அஞ்சலை கொட்டிலுக்கு ஓடி வந்து கதவை உள்ளங்கையால் தட்டியது. வேலாயி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். நல்லம்மா வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"பெத்தவளாடி நீ? ரெண்டைப் பறிகுடுத்துட்டு நான் நிக்கிறேன்... உனக்கு இருக்கிற ஒண்ணைத் தொட மனசு வரலையா? இனி இது என் பிள்ளை. நீ உன் ஊசியைக் கட்டிக்கிட்டு அழு."

அப்புறம் அஞ்சலை கொட்டில் பக்கம் வரவில்லை. ஒரு நாள் அது நல்லம்மாவை அம்மா என்று கூப்பிடுவது வேலாயியின் காதில் விழுந்தது. அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. ஆனாலும் காலைதோறும் கீற்று இடுக்கு வெளிச்சத்தில் கையையும் நெஞ்சையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு பொட்டும் இல்லை. என் பிள்ளை தப்பித்தது என்று பிள்ளையாரைக் கும்பிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் கொட்டில் கதவைத் திறந்துகொண்டு நல்லம்மா உள்ளே வந்தாள். சத்தம் போடவில்லை. ஒரு கையில் கம்பளி, மறு கையில் ஒரு காய்ந்த இலை.

வேலாயி கம்பளியைத்தான் பார்த்தாள். கறுப்புக் கரை போட்ட பழுப்புக் கம்பளி. அவள் எரித்தவற்றின் கூடப்பிறந்தது.

நல்லம்மா வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னாள். மூட்டையை இறக்கிய அன்று, குளிரில் பிள்ளை நடுங்குகிறதே என்று மேலே கிடந்த தடித்த கம்பளியை உருவிக்கொண்டு போயிருக்கிறாள். வேலாயி மற்றதையெல்லாம் கொளுத்தியதும், இதையும் கொளுத்திவிடுவாள் என்று ஒளித்து வைத்திருக்கிறாள். ராத்திரிதோறும் அஞ்சலையைப் போர்த்தியது இதுதான். இன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. கம்பளியை இழுத்தபோது மடித்துத் தைத்த ஓரம் பிரிந்து இலை விழுந்தது.

"இதுக்காகத்தான் எரிச்சியா?"

வேலாயி வாயைத் திறக்கவில்லை. அப்போதும் திறக்கவில்லை. வாசலில் நின்ற பழனியாண்டிதான் மண்ணில் விழுந்தான்.

"நான்தாங்க்கா. தெரிஞ்சுதான் வாங்கினேன். அவ வாயைக் கட்டினதும் நான்தான்."

நல்லம்மா அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வளர்த்த பிள்ளையை வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"போ. வேப்பிலை கொண்டா. எங்க கிடைக்கும்னு உனக்குத்தான் தெரியுமே."

அவன் போனான். நல்லம்மா வேலாயியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தழும்பு முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு ஒருதரம் வந்தது, இனி வராது, நான் உள்ளே இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீயாவது வெளியே இரு என்று கெஞ்சினாள்.

"பிள்ளைக்கு வரக்கூடாதுன்னுதான் வெளிய இருந்தேன் மதினி. இனி யாருக்காக இருக்கணும்?"

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு வேலாயி தன் வீட்டுக்குள் நுழைந்தாள். அஞ்சலை அவளைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் கூப்பிடவில்லை, பக்கத்தில் பாயில் சாய்ந்தாள். நல்லம்மா, அம்மை கண்ட வீட்டு வழக்கப்படி, தாளிப்பு இல்லாமல் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். வெளியே பழனியாண்டியின் வண்டி வடக்கே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்துப் பிள்ளை திரும்பியது. கண் திறக்கவில்லை. நெருப்பாய்ச் சுட்ட சின்ன விரல்கள் வேலாயியின் கன்னத்தில் தடவி, கழுத்தில் தடவி, கடைசியில் காது மடலைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டன. வேலாயி அசையாமல் படுத்திருந்தாள்.